முதலில் ஆள், பிறகு இயந்திரம்

அமெரிக்கப் பொது நூலகங்களில் கொஞ்ச காலமாக ஒரு புதுப் பதவி தலைகாட்டி வருகிறது: இளைஞர் மற்றும் மேக்கர்ஸ்பேஸ் சேவைகளுக்கான நூலகர். பெயர்தான் நீளம். மேக்கர்ஸ்பேஸ் என்றால், கருவிகளை வைத்துப் பொருள்கள் செய்து பழகும் பட்டறை. வேலை என்னவென்றால், பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பிடித்த மாதிரி நாவல் எடுத்துக் கொடுக்க வேண்டும். பக்கத்து மேசையில் 3டி பிரிண்டரில் சிக்கிக்கொண்ட பிளாஸ்டிக் இழையையும் எடுத்துவிட வேண்டும். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் நூலகர் வேலையா என்று முணுமுணுப்பவர்கள் அங்கேயும் உண்டு.

நியூயார்க் மாநிலத்தில் சிராக்யூஸ் நகரை ஒட்டிய சிற்றூர் ஃபேயட்வில். அமெரிக்கப் பொது நூலகங்களில் முதலில் மேக்கர்ஸ்பேஸ் அமைத்தது என்ற பெயர் 2011இல் இந்த ஊர் நூலகத்துக்குக் கிடைத்தது. யோசனை எந்த அமைச்சகத்திலிருந்தும் வரவில்லை. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி வகுப்புக்காக எழுதிய திட்டம் அது. நூலக இயக்குநர் திட்டத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாமல், மாணவியையே வேலைக்கு எடுத்துக்கொண்டார். நூலகம் இருக்கும் கட்டடமோ ஒரு காலத்தில் ஸ்டிக்லி மரச்சாமான் தொழிற்சாலை. கட்டடம் தன் பழைய தொழிலுக்கே திரும்பியது என்று சொல்லலாம்.

இன்னும் பெரிய பாடம் சிகாகோவில் இருக்கிறது. அங்குள்ள ஹரால்ட் வாஷிங்டன் நூலகத்தின் தரைத்தளத்தில், மெக்ஆர்தர் அறக்கட்டளை நிதியுதவியுடன் 2009இல் 'யூமீடியா' திறக்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளி வயதினருக்கு மட்டுமான இடம். கணினி, கேமரா, பாட்டுப் பதிவு செய்ய ஸ்டுடியோ, சுற்றிலும் புத்தகம். இளைஞர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று மிசுகோ இட்டோவும் அவரது குழுவினரும் செய்த ஆய்வை ஒட்டியே இதை வடிவமைத்தார்கள். பிள்ளைகள் முதலில் சும்மா கூடி அரட்டை அடிப்பார்கள். பிறகு எதையாவது நோண்டிப் பார்ப்பார்கள். சிலர் அதிலேயே மூழ்கிப் போவார்கள். நம் ஊர் நூலகத்தில் அந்த முதல் கட்டத்திலேயே 'ஷ்ஷ்' என்று விரட்டிவிடுவோம்.

அரட்டை அடிக்கும் பையன் எப்போது நோண்டத் தயாராகிறான் என்பதைக் கண்டுகொள்ள ஆள் வேண்டும். அதற்காக யூமீடியா நூலகர்களோடு கலைஞர்களையும் வழிகாட்டிகளாக அமர்த்தியது. அவர்களில் ஒருவர் மைக் ஹாக்கின்ஸ் என்ற கவிஞர். பிள்ளைகளுக்கு 'பிரதர் மைக்'. யார் வேண்டுமானாலும் மேடையேறிக் கவிதை சொல்லலாம், பாடலாம் என்று அவர் நடத்திய மாலைகளில் பாடிப் பழகியவர்களில் ஒரு பள்ளி மாணவர், 2017இல் மூன்று கிராமி விருதுகளை வாங்கினார். அவர்தான் சான்ஸ் தி ராப்பர். ஹாக்கின்ஸ் 2014 டிசம்பரில் காலமானார். மறு ஆண்டே அவர் நினைவாகச் சான்ஸும் நண்பர்களும் சிகாகோ மாணவர்களுக்காக அதே போன்ற மேடையை நடத்தத் தொடங்கினார்கள். ஸ்டுடியோவில் இருந்த கருவிகளுக்காக யாரும் விழா எடுக்கவில்லை.

புத்தகம் வாங்கவே காசில்லை, இதில் பட்டறை வேறா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டும் ஒன்றை ஒன்று துரத்துவதில்லை. 2018 டிசம்பரில் திறந்த ஹெல்சிங்கியின் ஊடி நூலகத்தில் இரண்டாம் தளத்தில் தையல் இயந்திரங்களும் 3டி பிரிண்டர்களும். மூன்றாம் தளத்தில் சுமார் ஒரு லட்சம் புத்தகங்கள். உண்மையான சிக்கல் வேறு. இயந்திரம் ஒரு முறைச் செலவு; ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம். பணியாளருக்கு மாதா மாதம் சம்பளம் தர வேண்டும். அதனால்தான் இயந்திரக் கோப்பு ஓடுகிறது, பணியிடக் கோப்பு தூங்குகிறது.

இந்தியாவில் நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய, மாணவர்கள் கருவிகளோடு செய்து பழகும் அடல் டிங்கரிங் ஆய்வகங்களுக்குப் பள்ளி ஒன்றுக்கு ரூ.20 லட்சம் வரை தரப்படுகிறது. நல்ல திட்டம். ஆனால் ஆய்வகம் பள்ளிக்குள் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு நின்று மெக்கானிக் கடைக்குப் போன பையன் எங்கே போவான்? பொது நூலகம் அவனிடம் மாற்றுச் சான்றிதழ் கேட்காது. தமிழ்நாட்டின் பெரிய நூலகங்களில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களால் இன்னொரு பிரிவு நிரம்பி வழிகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வயதுக்கென்று ஒரு நூலகர் வேண்டும்.

பணத்துக்கு வழி இல்லாமலில்லை. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகச் சேர்கிறது. எல்லா ஊரிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒரு மாவட்ட மைய நூலகத்தில் ஒரே ஒரு இளைஞர் நூலகரை முதலில் நியமிக்கட்டும். அவர் ஆறு மாதம் பிள்ளைகளோடு பேசிய பிறகு எந்த இயந்திரம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கட்டும். திருப்பூரில் அது தையல் இயந்திரமாக இருக்கலாம். வேறு ஊரில் வெறும் ஸ்பானர் பெட்டியே போதும் என்றாகலாம். வீட்டு வரி கட்டும் வாசகர்கள், அடுத்த முறை மாவட்ட நூலக அலுவலரைப் பார்க்கும்போது இந்தப் பணியிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.