பாலப் பணிக் காலத்தில் ஓடை நீரைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கலசப்பாக்கம் வட்டத்தில் செய்யாறு, மிருகண்டா நதி மற்றும் ஜவ்வாது மலையடிவார ஓடைகளின் கரையோர விவசாயிகள், கால்நடை வளர்ப்போர், மலைக் குடியிருப்பு மக்கள் சார்பாக, சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருவண்ணாமலை.

நகல்: நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர், நீர்வளத் துறைச் செயற்பொறியாளர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், மாவட்ட வன அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர், கலசப்பாக்கம்.

பொருள்: தரைப்பாலங்களையும் பழைய பாலங்களையும் இடித்துப் புதிய பாலம் கட்டும்போது ஆறு, ஓடை நீரின் தூய்மையைக் காத்தல் – அதற்கான செலவையும் பொறுப்பையும் ஒப்பந்தத்திலேயே எழுதக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

புதிய பாலங்கள் எங்களுக்கு வேண்டும். நீரைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாம் வேலையை நிறுத்த வருகிறவர்கள் என்ற எண்ணம் சில அலுவலகங்களில் இருப்பதால் இதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறோம். மழைக்காலத்தில் தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போகும்போது பள்ளிப் பிள்ளைகளும் பால்காரர்களும் பிரசவத்துக்குப் போகும் பெண்களும் கரையில் நின்று தண்ணீர் வடியக் காத்திருப்பதை அனுபவித்தவர்கள் நாங்கள். மலைக் குடியிருப்புகளில் இன்னும் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருகிறார்கள். தமிழகம் முழுவதும் 1,281 தரைப்பாலங்களை உயர்மட்டப் பாலங்களாக மாற்றப்போவதாக அரசு 2021-ல் அறிவித்தபோது மகிழ்ந்தவர்களில் நாங்களும் உண்டு. பாலம் கட்டும் மாதங்களில் கீழே ஓடும் நீருக்கு என்ன நேர்கிறது என்பதைக் கவனிக்க ஆள் இல்லை என்பதே எங்கள் குறை.

எங்கள் ஆற்றின் தன்மையைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு செங்கம் வழியாகக் கலசப்பாக்கம் வந்து, வட்டத்தைக் கடந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. ஆண்டில் பல மாதங்கள் மேலே மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். ஆற்றுக்குள் இறக்கிய உறைகிணறுகளும் கரையோரப் பாசனக் கிணறுகளும் அந்த ஊற்றை நம்பித்தான் இருக்கின்றன. மணல் பருமனாகவும் சுத்தமாகவும் இருக்கும் வரை ஊறல் உண்டு. அதன் மேல் களிமண்ணோ சிமென்ட் பாலோ படிந்து இறுகினால் மணலின் கண்கள் அடைபட்டுப் போகும். மேலே வெள்ளம் ஓடினாலும் கிணற்றுக்கு ஊறல் வராது. பொங்கிப் பாயும் ஆற்றில் கலங்கல் சில நாளில் அடித்துச் செல்லப்படலாம். எங்கள் ஆற்றில் அது அப்படியே தங்கிவிடும். நீர் மாசும் நீர்த் தட்டுப்பாடும் எங்களுக்கு ஒரே பிரச்சினையாக இருப்பது இதனால்தான்.

மலையோடைகளின் கதை வேறு. அங்கே தண்ணீர் மெலிதாக, கண்ணாடிபோல ஓடும். சுனையிலும் ஓடையிலும் குடம் நிரப்பும் குடியிருப்புகள் கீழே இருக்கின்றன. மேல்சோழங்குப்பத்தில் இருக்கும் மிருகண்டா நதி அணை சுமார் 23 அடி உயரமே கொண்டது. அவ்வளவு சிறிய அணையில் ஓரடி வண்டல் சேர்ந்தாலே பாசனத்தில் தெரியும். மேலே ஒரு பாலத்துக்காகக் கொட்டிய மண் கடைசியில் அந்த அணைக்குத்தான் வந்து சேரும்.

இனி, வேலை நடக்கும் இடத்தில் நாங்கள் கண்டவை.

எங்கள் வட்டத்தில் ஓர் ஓடையின் குறுக்கே பாலப் பணி நடந்தபோது, மாலையில் கலவை இயந்திரத்தைக் கழுவிய தண்ணீர் நேராக ஓடையில் இறங்கியது. சாம்பல் நிறத்தில், மேலே மெல்லிய ஆடை படர்ந்து, அரைப் பர்லாங் தூரத்துக்கு அது போவதைப் பார்த்தோம். தண்ணீர் குடிக்க ஓட்டி வந்த மாடுகள் மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கின. பாறையிடுக்கில் அயிரை மீன்கள் செத்து மிதந்தன. ஈரச் சிமென்ட் தண்ணீரின் பி.எச். அளவு 12-க்கு மேல் இருக்கும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) அனுமதிப்பது 6.5 முதல் 8.5 வரை. கையுறை இல்லாமல் கலவை அள்ளும் தொழிலாளியின் விரல் வெந்து தோலுரிகிறது என்றால், செவுளால் மூச்சு விடும் மீன் எப்படிப் பிழைக்கும்?

இதைவிடப் பெரிய கேடு மாற்றுப்பாதை. பழைய பாலத்தை இடிப்பதற்கு முன் வண்டிகள் போய்வர, ஆற்றின் குறுக்கே கிராவல் மண்ணைக் கொட்டி, அடியில் இரண்டு மூன்று சிமென்ட் குழாய்களைப் புதைத்துத் தற்காலிகப் பாதை போடுகிறார்கள். பாலம் முடிந்தால் அதை எடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. நடப்பில் அதை எடுப்பது மழைதான். முதல் பெருமழையில் குழாய்கள் அடைத்துக்கொள்ளும், மேலே நீர் தேங்கும், பின் மொத்த மண்ணும் ஒரே இரவில் உடைத்துக்கொண்டு கீழே போகும். நூற்றுக்கணக்கான லாரி மண் ஊற்றுப் படுகையின் மேல் பரவும். யாரும் கணக்கெழுதாத இந்த மண்ணை நாங்கள் எங்கள் கிணற்றடியில் பார்க்கிறோம்.

பழைய பாலத்தின் இடிபாடுகளும் ஆற்றோடே கிடக்கின்றன. கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் துண்டுகள், தார் ஒட்டிய மேல்தளம், சென்ட்ரிங் பலகைக்குத் தடவிய எண்ணெய் டப்பாக்கள் என எல்லாம் அங்கேயே. அவற்றின் மேல் வெள்ளம் மோதி, சுழன்று, எதிர்க்கரையை அறுக்கிறது. அறுபட்ட கரை மண்ணும் நீரில்தான் கலக்கிறது. தூணுக்குத் துளையிடும் இடங்களில் பயன்படுத்தும் பென்டோனைட் குழம்பு நைசான களிமண். துளையின் சுவர் சரியாமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. மணலாற்றில் அதைத் திறந்துவிட்டால், அது துளைக்குச் செய்ததையே ஊற்றுக்கும் செய்யும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது நம் மாவட்டம் பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். தென்பெண்ணையின் குறுக்கே அகரம்பள்ளிப்பட்டு – தொண்டமானூர் இடையே கட்டித் திறந்து சில மாதங்களே ஆன உயர்மட்டப் பாலம் அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. கான்கிரீட் பாலமே நிற்காத வெள்ளம் இந்த மாவட்டத்தில் வருகிறது என்றால், மண்ணைக் கொட்டிப் போட்ட மாற்றுப்பாதை மழைக்காலத்தைத் தாண்டி நிற்கும் என்று எந்த அடிப்படையில் விட்டுவைக்கிறோம்?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தின் 24-ஆம் பிரிவு, நச்சு அல்லது மாசுப் பொருளைத் தெரிந்தே ஓடையிலோ கிணற்றிலோ விடுவதைத் தடை செய்கிறது. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டிய காரணத்துக்காக மட்டும் ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று அதே பிரிவு விலக்கும் தருகிறது. இந்த விலக்கைக் காட்டித்தான் எங்களுக்குப் பதில் சொல்கிறார்கள். ஆனால் விலக்கு பாலம் கட்டியதற்கு மட்டுமே. கலவைத் தண்ணீரை ஓடையில் ஊற்றுவது பாலம் கட்டுவது ஆகாது. கரையைத் தாங்கவோ பழுதுபார்க்கவோ கொட்டும் பொருளைக்கூட, அது ஓடையை மாசுபடுத்தும் தன்மை இல்லாததாக இருந்தால்தான் சட்டம் ஏற்கிறது. கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகளும் 2016 முதல் இருக்கின்றன. 2025-ல் அவை புதுப்பித்து அறிவிக்கப்பட்டுள்ளன.

இவ்வளவு இருந்தும் களத்தில் ஏன் எதுவும் நடப்பதில்லை? எங்கள் அனுபவத்தில் காரணம் ஒன்றுதான். சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தின் பொது நிபந்தனையில் ஒரு வரி இருக்கிறது; பணம் தரும் பட்டியலில் அதற்கு ஓர் உருப்படி இல்லை. ஜல்லிக்கு விலை உண்டு, கம்பிக்கு விலை உண்டு, அளந்து பில் போடுகிறார்கள். கலங்கல் நீரைத் தேக்கித் தெளியவைக்கும் குழிக்கு விலை இல்லை. ஆகவே குழியும் இல்லை. ஒப்பந்ததாரரை மட்டும் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது.

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை: இனி இந்த வட்டத்தில் தயாராகும் ஒவ்வொரு பால மதிப்பீட்டிலும் நீர்ப் பாதுகாப்பு தனி உருப்படியாக, அளவும் விலையும் குறித்து எழுதப்பட வேண்டும். அஸ்திவாரக் குழியிலிருந்து மோட்டாரால் இறைக்கும் கலங்கல் நீருக்குத் தெளிவுக்குழி. கலவை இயந்திரமும் ரெடிமிக்ஸ் லாரியும் கழுவத் தார்ப்பாய் விரித்த குழி, ஓடைக்கரையிலிருந்து தள்ளி. வேலையிடத்தைச் சுற்றி மணல் மூட்டைத் தடுப்பு. பென்டோனைட் குழம்பைத் திரும்பச் சேகரிக்கும் தொட்டி. செய்தால் பணம், செய்யாவிட்டால் பிடித்தம். இந்த ஒன்று நடந்தாலே பாதிக் குறை தீரும் என்று நம்புகிறோம்.

இரண்டாவது, காலம். ஆற்றுப் படுகைக்குள் செய்யும் வேலையைத் தை மாத ரதசப்தமி முடிந்ததும் தொடங்கி ஆடிக்கு முன் முடிக்கும்படி ஒப்பந்த அட்டவணை அமைய வேண்டும். ரதசப்தமியன்று அண்ணாமலையார் கலசப்பாக்கம் வந்து, திருமாமுடீஸ்வரரோடு செய்யாற்றில் தீர்த்தவாரி காண்கிறார். அந்த நாளில் ஆற்றில் சிமென்ட் கழுவிய நீரும் கம்பித் துண்டும் கிடக்கக் கூடாது என்பது இப்பகுதி மக்கள் அனைவரின் விருப்பம். மேல்தளம், கைப்பிடிச் சுவர், அணுகுசாலை ஆகியவற்றை மழைக்காலத்திலும் செய்யலாம். அதற்கு நாங்கள் தடை சொல்லவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மீன் முட்டையிடும் பருவத்தைக் கணக்கிட்டு, எந்த ஆற்றில் எந்த மாதங்களில் நீருக்குள் இறங்கி வேலை செய்யலாம் என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள். நம் நீர்வளத் துறையிடம் மழை, நீர்வரத்துக் கணக்குகள் இருக்கின்றன. இந்த வட்டத்துக்கு அத்தகைய பட்டியலை அவர்களே தயாரிக்கலாம்.

மூன்றாவது, மாற்றுப்பாதையும் இடிபாடுகளும். மாற்றுப்பாதையை அகற்றும் கடைசி நாள் பணி ஆணையிலேயே குறிப்பிடப்பட வேண்டும். மண், குழாய், இடிபாடு எல்லாம் அகற்றப்பட்டு, படுகை பழைய மட்டத்துக்கு வந்ததை நீர்வளத் துறைப் பொறியாளரும் ஊராட்சிப் பிரதிநிதியும் நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே இறுதித் தொகை விடுவிக்கப்பட வேண்டும். அந்தப் பாதைக்கு ஏரி மண் எடுப்பதாக இருந்தால் எந்த ஏரி, எவ்வளவு என்பதும் பலகையில் எழுதப்பட வேண்டும்.

நான்காவது, நீர்ப் பரிசோதனை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர்தோறும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டி கொண்டு நீரைச் சோதிக்கப் பயிற்சி தரும் ஏற்பாடு உள்ளது. பாலத்துக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் வாரம் ஒருமுறை பி.எச்., கலங்கல் இரண்டையும் அந்தப் பெண்களே பார்த்து எழுதட்டும். மேலே தெளிவு, கீழே கலங்கல் என்றால் காரணம் நடுவில் இருக்கிறது. அன்று படுகை வேலை நிற்க வேண்டும். உறைகிணறுகளின் நீரை வேலைக்கு முன்னும் பின்னும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். நீரைச் சோதிக்கும் பெண்களின் உழைப்புக்கு ஊதியம் தரப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கிறோம்.

மலைப்பகுதிப் பாலங்களில் வேலை தொடங்கும் முன் வனத்துறையும் அந்தக் குடியிருப்பு மக்களும் சேர்ந்து குடிநீர் எடுக்கும் சுனைகளை அடையாளமிட வேண்டும். தொழிலாளர் கூடாரமும் கழிப்பறையும் டீசல் பீப்பாய்களும் அவற்றுக்கு மேற்புறம் அமையக் கூடாது. வேலை நாட்களில் அந்தக் குடியிருப்பு மக்களுக்கு லாரியில் குடிநீர் தர வேண்டியது திட்டத்தின் பொறுப்பு.

பணித் திட்டமும் மதிப்பீட்டின் நீர்ப் பாதுகாப்புப் பகுதியும் கிராம சபையில் தமிழில் வைக்கப்பட வேண்டும். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ல் கூடும் சபை இதற்குப் பொருத்தமானது.

முதல் கட்டமாக, தற்போது வேலை நடக்கும் பால இடங்களைத் தங்கள் தலைமையில் மேற்கண்ட துறை அலுவலர்கள் கூட்டாகப் பார்வையிட ஒரு தேதி குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். கலவைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது, எந்த உறைகிணறு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை இடத்திலேயே காட்ட எங்கள் உறுப்பினர்கள் உடன் வருவார்கள். இம்மனுவின் மேல் எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்,
கலசப்பாக்கம் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

இணைப்பு: உறுப்பினர் கையொப்பங்கள், உறைகிணறுகளும் சுனைகளும் குறித்த கைவரைபடம்.