வேகம் இருக்கு, பேச்சு ஏன் திக்குது?

புதிய இணையத் திட்டம் எடுத்தாச்சு. வேகச் சோதனையிலும் நல்ல எண்தான் வருகிறது. ஆனால், மகள் கல்லூரிக் காணொளியைப் பதிவேற்றத் தொடங்கியதும் பக்கத்து அறையில் அப்பாவின் காணொளி அழைப்பு திக்கித் திணறுகிறது. உங்கள் வீட்டிலும் இதே கதையா?

தீபாவளிக்கு முந்திய இரவு டோல் சாவடியை நினைத்துப் பாருங்கள். முகப்புகளைக் கூட்டாமல், முன்னால் வண்டிகள் நிற்கும் இடத்தை மட்டும் அகலப்படுத்தினால் என்ன ஆகும்? நிற்கும் வண்டிகள் கூடும். யாரும் சீக்கிரம் ஊர் போய்ச் சேரமாட்டார்கள்.

ரூட்டருக்குள் நடப்பதும் அதுதான். நாம் அனுப்பும் தரவு சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. நெரிசலில் அவை காத்திருக்க ஒரு நினைவகம் உண்டு. நினைவகம் மலிவானதும் அந்த இடத்தைத் தாராளமாகவே வைத்துவிட்டார்கள். வினாடிக்கு 10 மெகாபிட் அனுப்பும் இணைப்பில் 1 மெகாபைட் தரவு வரிசையில் நின்றால், பின்னால் வரும் அப்பாவின் குரல் 0.8 வினாடி காத்திருக்க வேண்டும். வானொலியில் அவ்வளவு நேரம் மௌனம் விழுந்தால் எங்களுக்கு வியர்த்துவிடும்!

அமெரிக்கப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் 2010-இல் தம் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டறிந்தார். இதன் பெயர் ‘பஃபர்புளோட்’. 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வேன் ஜேக்கப்சனும் ‘கோடெல்’ என்ற தீர்வை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 100 மில்லிவினாடிக்குத் தொடர்ந்து 5 மில்லிவினாடிக்கு மேலேயே இருந்தால், சில பொட்டலங்களைக் கைவிடுகிறது. அனுப்பும் கணினி அதைப் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கிறது. கைவிட்டவை மறுபடி அனுப்பப்படுவதால் கோப்பு கெடாது.

இந்த வார இறுதியில் சோதித்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது ‘பிங்’ எவ்வளவு, பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். 10 மில்லிவினாடி பல நூறாக ஏறினால் சிக்கல் வரிசையில்தான். ரூட்டர் அமைப்பில் ‘எஸ்கியூஎம்’ இருந்தால் அதை இயக்கி, பதிவேற்ற வேகத்தை உண்மையில் கிடைப்பதில் 90 விழுக்காடு அளவுக்கு வையுங்கள். கொஞ்சம் வேகம் குறையும். ஆனால் வரிசை உங்கள் ரூட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வரும்.

மாதக் கட்டணம் கூடிய திட்டத்துக்கு மாறுவதற்கு முன், இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்துவிடுங்கள்.