மரக்காணத்தில் காரை நிறுத்தி பேரம் பேசலாமா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் அம்மா, அப்பாவைத் தவறாமல் கூட்டிப் போகும் இடம் முஸ்தபா சென்டர். அங்கே அம்மா "கொஞ்சம் குறைச்சுக்கப்பா" என்று ஆரம்பித்தால், "இங்கெல்லாம் அப்படிக் கேட்கக் கூடாதும்மா" என்று தடுப்பார்கள். ஒட்டியிருக்கும் விலைதான் விலை.

அதே பிள்ளைகள் லீவுக்கு ஊர் வந்து, ஈசிஆரில் புதுச்சேரி போகும்போது மரக்காணத்தில் காரை நிறுத்துவார்கள். 300 ரூபாய் சொன்ன மீனை 200-க்குக் கேட்பார்கள்.

பேரம் தப்பில்லை. விற்பவரும் அதை எதிர்பார்த்தே விலை சொல்வார். பிரச்சினை, அது நடக்கும் மாசம்தான்.

மரக்காணம் உப்பு வெயிலை நம்பி விளைவது. பாத்தியில் தேக்கிய உப்புநீர் வற்றினால்தான் உப்பு. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் வேலை இல்லை, கூலியும் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் படகுகளும் கரையில்தான். சிங்கப்பூர் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறையோ நவம்பர், டிசம்பரில் வருகிறது. ஆக, சொந்தங்கள் வந்து இறங்கும்போது இந்தக் கரையில் காசு நடமாட்டமே குறைவு.

உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். மூணு மாசத்தை அதை வைத்து ஓட்ட முடியுமா?

பேரம் பேசியே ஆகணும்னா வாடகை கார்லயும் ரிசார்ட்லயும் பேசுங்க. மீன் கூடைக்காரம்மாவுக்குக் கேட்ட காசைக் கொடுத்துட்டு, கொசுறு கேளுங்க. சிரிச்சுக்கிட்டே ரெண்டு சேர்த்துப் போடுவாங்க.