திருடன் கைக்கு எட்டாத பதிவு

2021 டிசம்பரில் வேலூர் தோட்டப்பாளையத்தில் ஜோஸ் ஆலுக்காஸ் நகைக்கடையின் சுவரைத் துளைத்து உள்ளே போன ஆசாமி, சிங்க முகமூடி போட்டிருந்தார். கேமராக்களின் மேல் பெயின்ட் அடித்துவிட்டு, சுமார் 16 கிலோ நகையோடு வெளியேறினார். பெயின்ட் விழும்வரை பதிவானது மட்டும் தப்பியது. சில நாட்களில் ஓர் இளைஞர் கைதானார். நகைகளை ஒடுகத்தூர் சுடுகாட்டிலிருந்து போலீஸார் தோண்டி எடுத்தார்கள். பதினான்கு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 12 அதிகாலையில், பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் நான்கு ஏடிஎம்களை கேஸ் வெல்டிங் வைத்து அறுத்த கும்பல் இன்னும் விவரமானது. 70 லட்சத்துக்கும் மேல் அள்ளிக்கொண்டு, இயந்திரங்களுக்குத் தீ வைத்துவிட்டுப் போனது. தடயத்தோடு கேமராப் பதிவும் கருகியது.

முதல் ஆள் லென்ஸை மறைத்தார். அடுத்து வந்தவர்கள் பதிவையே குறிவைத்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் வீட்டுக்கு வீடு கேமரா மாட்டுபவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. வாசலில் நான்கு கேமரா. அவற்றின் பதிவுப் பெட்டியான டிவிஆர், ஹாலில் டிவிக்குக் கீழே. பீரோவை உடைக்கத் தெரிந்தவருக்கு அதன் வயரைப் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக எவ்வளவு நேரமாகும்?

"அதுதான் போனில் தெரிகிறதே" என்பார்கள். சவூதியிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் ஆம்பூர் வீட்டு வாசலை அங்கிருந்தே பார்க்கிறார்கள். ஆனால் பல வீடுகளில் போனில் ஓடுவது அந்த டிவிஆர் அனுப்பும் படம்தான். நேற்றைய காட்சியைத் தேடினாலும் அதே பெட்டியிலிருந்துதான் வர வேண்டும். பெட்டி போனால் செயலியில் மிஞ்சுவது கறுப்புத் திரை. பார்ப்பது வேறு, சேமிப்பது வேறு. கேமரா மாட்டிக் கொடுப்பவர்கள் இதை விளக்குவதில்லை, நாமும் கேட்பதில்லை.

பதிவு வேறிடத்தில் இருக்க வேண்டும் என்ற பாடம், தோல் ஆலைகள் உள்ள இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. தோல் ஆலைகள் உட்பட 17 வகைத் தொழில்கள் தங்கள் கழிவின் அளவுகளை அந்தந்த நேரமே வாரியத்தின் சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்று 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. ஒரு சொட்டும் வெளியே விடுவதில்லை என்று சொல்லும் ஆலை, கேமராவும் வைத்துக் காட்ட வேண்டும். பாலாறு அதனால் தெளிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அது தனிக் கட்டுரை. ஆனால் அந்த உத்தரவின் அடிப்படை சரி. பதிவு, அதை அழிக்கக்கூடியவரின் கையிலேயே இருந்தால் பயனில்லை. 2020-இல் காவல் மரண விசாரணை நடந்த சாத்தான்குளம் காவல் நிலையத்தில் 1 டிபி டிஸ்க் இருந்தும், அன்றன்றைய பதிவு அன்றே அழியும்படி செட்டிங் இருந்ததாக நீதித் துறை நடுவர் அறிக்கை கொடுத்தார். இடம் இருந்தது, பதிவுதான் இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றிவிடலாமா? கணக்கு இடிக்கும். நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமரா நாளொன்றுக்குச் சுமார் 21.6 ஜிபி எழுதும். நான்கு கேமராவுக்கு 86 ஜிபி, மாதம் 2.6 டிபி. வீட்டு இணைப்பு திணறும், வாடகையும் கட்டுப்படியாகாது. ஆள் நடமாட்டம் தெரியும்போது மட்டும் 20 நொடித் துண்டை அனுப்பச் சொன்னால், ஒரு துண்டு 5 எம்பி. நாளுக்கு நூறு துண்டு என்றாலும் மாதம் 15 ஜிபி. ஒரு கூகுள் கணக்குக்கு இலவசமாகக் கிடைக்கும் மொத்த இடம் அது. பழையது தானாக அழிய வழி செய்துவிட்டால் போதும்.

நேரம்தான் முக்கியம். தினமும் விடியற்காலை நான்கு மணிக்குத் தானாக ஏறும்படி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் உண்டு. திருடன் இரண்டு மணிக்கு வந்தால் அந்த ஏற்பாட்டால் என்ன லாபம்? நடமாட்டம் தெரிந்த அடுத்த சில நொடிகளில் படம் வீட்டைத் தாண்டியிருக்க வேண்டும். அதற்கு மோடமும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். மெயின் சுவிட்ச் பெரும்பாலும் வெளிச்சுவரில், யார் கைக்கும் எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. ஃபைபர் வயரும் மாடிச் சுவரில் தொங்குகிறது. அதையும் அறுப்பவருக்குப் பயந்தால் சிம் போட்ட கேமரா ஒன்றைத் தனியாக வைக்கலாம். எல்லார் வீட்டுக்கும் அது தேவையில்லை.

கிளவுடுக்கு இன்னொரு முகம் உண்டு. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட் மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. அங்கே பாஸ்வேர்ட் 'அட்மின்123' என்று செய்திகள் வந்தன. அமேசானின் ரிங் நிறுவனமோ, ஊழியர்கள் வாடிக்கையாளர் வீட்டுப் பெண்களின் காட்சிகளைப் பார்த்த புகாரையும் உள்ளடக்கிய வழக்கில், 2023-இல் 58 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. எனவே கேட், படிக்கட்டு, தெரு ஆகியவை வெளியே போகட்டும். ஹாலும் சமையலறையும் போகக் கூடாது. அங்கே கேமராவே எதற்கு என்பது என் கட்சி. மாட்டியவர் வைத்த பாஸ்வேர்டை அவர் படி இறங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். அவர் மேல் சந்தேகம் வேண்டாம். தெரு முழுக்க அவர் ஒரே பாஸ்வேர்ட்தான் வைத்திருப்பார்.

திருட்டு நடந்த பிறகு நாம் செய்யும் வேடிக்கை, திரையில் ஓடுவதை செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது. ஆளைத் தேட அது உதவலாம். கோர்ட்டில் நிற்பது கடினம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழும், அந்தக் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பும் கேட்கிறது. கிளவுடில் ஏறிய மூலக் கோப்பை அப்படியே இறக்கிக் கொடுப்பவருக்கு அது சிரமமில்லை. கேமரா வையுங்கள் என்று வியாபாரிகளையும் குடியிருப்போரையும் கூட்டிவைத்துச் சொல்லும் காவல் துறை, அதே கூட்டத்தில் பதிவு எங்கே போகிறது என்றும் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு இன்று பெரும்பாலான வீடுகளின் பதில், டிவிக்குக் கீழே.