தவணை அறியுமோ காவிரியை?

பிறர் வண்டியை ஓட்டிப் பிழைக்கும் தஞ்சைத் தரணியின் இளைஞர்கள் கேட்கின்றனர்: "தவணையில் புதுக்கார் எடுத்தால் என்ன?"

சொந்தக் காலில் நிற்கத் துடிக்கும் ஆர்வத்தை வாழ்த்துகிறோம். ஆனால், கணக்குப் பார்த்தபின் கையெழுத்திடுக என்கிறோம்.

கடன் 5 இலட்சம். "வட்டி பத்தே விழுக்காடு" என்பார் முகவர். முழுத் தொகைக்கே ஐந்தாண்டும் வட்டி போட்டால், மாதம் 12,500 ரூபாய். 60 மாதத்தில் 7½ இலட்சம்! மாதந்தோறும் அசல் குறைகிறதே, வட்டி குறைந்ததா? இல்லை! சரியாகக் கணக்கிட்டால் அது 17 விழுக்காட்டையும் தாண்டும்.

வருமானமோ? வயல் விளைந்தால்தான் இங்கே கல்யாணம், காதுகுத்து, வாடகைச் சவாரி. 2024இல் ஜூன் 12 வந்தது, மேட்டூர் திறக்கவில்லை. ஜூலை 28இல்தான் தண்ணீர் விடப்பட்டது. குறுவை பொய்த்தால் சவாரியும் பொய்க்கும். தவணை பொறுக்குமா?

அடியாட்களை ஏவி வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே சொன்னது. ஆயினும் 2016இல், டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரத்தநாடு பக்கத்து உழவர் ஒருவரைக் காவலர்கள் அடித்து இழுத்த கொடுமையை நாடே கண்டது!

ஆகவே, தம்பிமார்களே! ஆறு மாதத் தவணையைக் கையில் சேர்த்தபின் கடன் வாங்குங்கள். முதல் வண்டி பழையதாயின் இழிவில்லை. எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டியைக் காட்டும் விவரத்தாளைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் அதைத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. தர மறுப்பவரிடம் கடன் வேண்டாம்!

வண்டி நம்மைச் சுமக்கட்டும். வண்டியை நாம் சுமக்க வேண்டாம்!