அரணைப் புத்தி



மாந்தைப் பக்கத்து மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு மாமி தன் மருமகளைக் காட்டி, “இவவுக்கு அரணைப் புத்தி. உலை வைச்சதையே மறந்துபோறா” என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையின் கணவர் 2009 இல் காணாமற்போனவர். அவர் கடைசியாக உடுத்திருந்த சாரத்தின் நிறம், போன நேரம், எல்லாம் அவவுக்கு ஞாபகம் இருக்கிறது. இரவில் நித்திரைதான் இல்லை. துக்கமும் நித்திரைக் குறைவும் நினைவைக் குழப்பும். இதற்கு வைத்தியம் உண்டு. மன்னார் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரணையையும் நாம் வீணாகப் பழிக்கிறோம். கடிக்க வந்து, வந்த காரியத்தை மறந்து திரும்புமாம், கடித்தால் மரணமாம். நமது வளவுகளில் ஓடும் அரணைக்கு விஷமே கிடையாது. பூச்சி புழுக்களைத் தின்று சீவிக்கிறது. ஆளைக் கண்டு ஓடுவது பயத்தினால். (ஆனால் இருட்டில் கடித்தது எதுவென்று தெரியாவிட்டால் ‘அரணைதான்’ என்று இருந்துவிடாதீர்கள். இந்தக் கரையோரத்தில் சுருட்டை விரியன் உண்டு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.)

அரணையின் சொந்தக்காரர்களுக்கு நல்ல ஞாபகசக்தி. தென் அவுஸ்திரேலியாவில் தடித்த உடம்பும் மந்த நடையுமுள்ள பெரிய அரணை இனமொன்று இருக்கிறது. மைக்கல் புல் என்ற பேராசிரியர் 1982 முதல் அவற்றுக்கு அடையாளமிட்டுக் கவனித்து வந்தார். ஒவ்வொரு வசந்தத்திலும் ஆண் தன் பழைய துணையையே தேடி வருகிறது. சில வாரங்கள் இரண்டும் சேர்ந்தே திரியும், பிறகு பிரிந்துவிடும். அடுத்த வருடம் மறுபடி அதே சோடி. இப்படி 20 வருடங்களுக்கு மேல் சேர்ந்த சோடிகளும் உண்டு. தாய் முட்டையிடுவதில்லை, குட்டி ஈனும். பெரும்பாலும் இரண்டுதான், ஆனால் தாயின் உடம்புக்கு மிகப் பெரிய குட்டிகள். சுமந்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும்.

அந்நாட்டின் நடுப் பாலைவனத்தில் இன்னொரு இனம், தாய் தகப்பன் பிள்ளைகளாகப் பல வாசல்கள் உள்ள வளை தோண்டி ஒன்றாகக் குடியிருக்கிறது. மலங்கழிக்க வெளியே பொதுவாக ஓரிடம். மலசலகூடமில்லாத வீடு கிடைத்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள்!

நமது அரணை முட்டையிடும் இனம். அதன் நெருங்கிய உறவான ஓர் இனம் தாய்வானின் ஓர்க்கிட் தீவில், கொங்கிறீற்றுச் சுவரின் துவாரங்களில் முட்டையிடுகிறது. முட்டை தின்ன வரும் பாம்பைத் தாய் அரணை கடித்தே விரட்டும்.

வளவு துப்புரவாக்கும்போது கல்லுக்கடியில் அரணையின் சிறு வெள்ளை முட்டைகளைக் கண்டால், கல்லை மெதுவாக இருந்தபடியே வைத்துவிட்டு அடுத்த பக்கம் வெட்டுங்கள்.