இங்கிலாந்தின் வயல்களில் இல்லாத சுதந்திரம்

மெட்டல் டிடெக்டர் வாங்கியவன் எங்கும் போய்ப் புதையல் தேடலாம் என்பதுதான் இங்கிலாந்தின் நடைமுறை என்றும், ஒரு காலனியச் சட்டம் அந்த உரிமையை நமக்கு மறுக்கிறது என்றும் சென்ற இதழில் ஒருவர் முழங்கியிருக்கிறார். சட்டத்தைப் பற்றிய அந்த நீண்ட கட்டுரையில் ஒரு சட்டத்தின் பெயர்கூட இல்லை. படிக்காமலே எழுதினாரா, படித்ததைச் சொன்னால் வாதம் கவிழ்ந்துவிடும் என்று விட்டுவிட்டாரா?

இங்கிலாந்தில் உடையவர் இல்லாத நிலம் ஒரு சாண்கூடக் கிடையாது. வயலில் இறங்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் எடுத்துப்போனால் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் பாயும். பட்டியலிட்டுக் காக்கப்படும் தொன்மைச் சின்னங்கள் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. அங்கே எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் கருவியை இயக்குவதே 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், துருப்பிடித்த ஆணிகூடக் கிடைக்காவிட்டாலும். மன்னர் சொத்துகளை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட் வசமுள்ள கடலோரப் பகுதிகளில் மட்டும், சில நிபந்தனைகளோடு, தனி அனுமதிச்சீட்டு கேட்பதில்லை. இந்த ஒரு விலக்கைத்தான் நம்மவர் நாடு முழுவதற்கும் இழுத்துப் போர்த்தியிருக்கிறார். லண்டனில் தேம்ஸ் ஆற்றின் கரையில் தேட வேண்டுமானால் துறைமுக ஆணையத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும். பக்கத்து நாடான அயர்லாந்திலோ அனுமதியில்லாமல் தொல்பொருளுக்காகக் கருவியை இயக்கவே கூடாது. இதில் ‘எங்கும்’ என்பது எங்கே இருக்கிறது?

அவருடைய பெரிய சான்று ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையல். 2009-இல் டெர்ரி ஹெர்பர்ட் என்ற தனிமனிதர் ஆங்கிலோ-சாக்சன் தங்கக் குவியலைக் கண்டெடுத்தார், 32.85 லட்சம் பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். உண்மைதான். ஆனால் அவர் உழவரின் அனுமதியோடு தேடினார், கிடைத்ததை உரிய அலுவலரிடம் அறிவித்தார், அதன் பிறகு தொல்லியலாளர்கள் அதே வயலை அகழ்ந்து மேலும் பல துண்டுகளை மீட்டார்கள், சன்மானம் அவருக்கும் உழவருக்கும் சமபங்காகப் போனது என்பதெல்லாம் கட்டுரையில் ஏன் இல்லை? புதையல் எனச் சட்டம் வரையறுப்பது கிடைத்தால் 14 நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். அவர் மேற்கோள் காட்டும் வெற்றி இந்தக் கட்டாயத்தின் வெற்றி.

அறிவிக்காமல் விட்டவர்களின் கதையையும் சொல்லியிருக்கலாமே. 2015-இல் லெம்ஸ்டர் அருகே வைக்கிங் காலப் புதையல் ஒன்றை இருவர் தோண்டியெடுத்து, மறைத்து, விற்றார்கள். ஏறத்தாழ 300 நாணயங்கள் இருந்திருக்கும் என்று கருதப்படுகிறது. அந்த வழக்கில் கைக்கு வந்தவை முப்பது சொச்சம். 2019-இல் நீதிமன்றம் ஒருவருக்கு 10 ஆண்டும் மற்றவருக்கு எட்டரை ஆண்டும் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் குறைந்தது என்றாலும் சிறை சிறைதான். மீண்ட சில நாணயங்களில் வெசெக்ஸ் அரசன் ஆல்ஃபிரடும் மெர்சியாவின் சியோல்வுல்ஃபும் சமமான கூட்டாளிகளாகத் தெரிகிறார்கள். ஆங்கில வரலாற்றுக் குறிப்புகளோ சியோல்வுல்ஃபை வைக்கிங்குகளின் கைப்பாவை என்று ஒதுக்கியவை. ஓர் அரசனின் வரலாற்றையே திருத்தும் வலுவுள்ள சான்றில் பெரும்பகுதி கள்ளச் சந்தையில் கரைந்துபோனது. இதற்குப் பெயர் பொழுதுபோக்கா?

‘மண்ணில் கிடந்து மக்கிப்போவதை மீட்கிறோம்’ என்கிறார். பொருள் மட்டும் கையில் இருந்தால் போதும் என்று நினைப்பவருக்குத்தான் இந்த வாதம் இனிக்கும். கீழடியில் கி.மு. 580 என்ற காலக் கணிப்பு ஏன் தமிழகத்தையே நிமிர்ந்து உட்கார வைத்தது? அந்தக் கரிமத் துண்டு 353 செ.மீ. ஆழத்தில், இன்ன மண்ணடுக்கில் கிடந்தது என்று பதிவாகியிருந்ததால். அதையே யாரோ கிளறி எடுத்துப் பையில் போட்டிருந்தால் அது வெறும் கரி. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்துத் தனியார் சேகரிப்புகளுக்குப் போன சங்ககால நாணயங்கள் விலைமதிப்பற்றவை. ஆனால் அவை கிடந்த அடுக்கு எதுவென்று சொல்ல ஆளில்லாததால், எழுத்தையும் உருவத்தையும் மட்டுமே வைத்துக் காலத்தை வாதாட வேண்டியிருக்கிறது.

இனி, அவர் பெயர் சொல்லத் தயங்கிய 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம். கண்டெடுத்தவருக்கு அது ஒன்றும் தருவதில்லையாம்! பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்கச் சொல்லும் அதே சட்டம், நில உரிமையாளருடன் வேறு உடன்பாடோ உரிமைத் தகராறோ இல்லையென்றால் நான்கில் மூன்று பங்கைக் கண்டெடுத்தவருக்கே தருகிறது. இங்கிலாந்தின் வழக்கமான பாதியைவிட இது அதிகம். அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்புடன் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தந்தால் போதும் என்பது குறைதான். தொல்பொருளுக்கு உரிய மதிப்பைக் கொடு என்று அவர் கேட்டிருந்தால் நானும் கூட நின்று கேட்டிருப்பேன். அவர் கேட்பதோ அறிவிக்கும் கடமையையே நீக்கச் சொல்லி. தேடுகிற ஆசைக்கும் அறிவிக்காமல் இருக்கும் உரிமைக்கும் என்ன சம்பந்தம்? நாணயச் சந்தைக்குத்தான் அந்த உரிமை தேவை. குட்டு அங்கே வெளிப்பட்டுவிடுகிறது.

வாசகர்களே, உங்கள் நிலத்தில் ஏர் முனையில் ஏதாவது தட்டுப்பட்டால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள், மேலே தோண்டாதீர்கள், கலெக்டருக்கு எழுதித் தெரிவியுங்கள். மறைத்தால் பங்கும் போகும். ஓராண்டு வரை சிறையும் உண்டு.